பொய்க்காலும் மெய்ந்நடையும்

சித்திரைத் திங்களில் அழகர் மதுரைக்கு எழுந்தருளும் நாட்களில், தல்லாகுளத்து வீதியிலே சிறிது பொழுது நின்று நோக்குவோர்க்கு மக்களின் முகங்களைக் காட்டிலும் கால்களே மிகுதியாகப் புலப்படும். எதிர்சேவை காணக் குழுமுவோர் எண்ணிறந்தவர். அவருள் காலணியின்றி வெறுங்காலோடு நடப்போர் பலர். கொதிக்கும் சாலையிலும், வைகையாற்று மணலிலும், நீர் தெளித்த ஈரத்தரையிலும் அக்கால்கள் தடையின்றிச் செல்கின்றன. கண்ணின் அருமையைக் கண்ணிழந்தார் அறிவர் என்பதுபோலக் காலின் அருமையையும் அஃது இழந்தாரிடத்தே சென்று கற்றுக்கொள்ளல் வேண்டும்.

யான் அதனைக் கற்றது என் பெரிய தந்தையாரிடத்தே. அலங்காநல்லூர்ப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் பயிரிட்டு வாழ்பவர் அவர். நீரிழிவு நோயால் பாதத்தின் உணர்ச்சி குன்றிப்போக, வயலில் தைத்த முள் ஒன்றை அவர் அறிந்திலர். அறியாத புண் ஆறாத புண்ணாயிற்று. ஆறாத புண் அழுகியது. முடிவில் இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடும்படி நேர்ந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு செயற்கைக்கால்கள் அவருக்குக் கிடைத்தன. முன்னையது பரணில் ஏறிற்று. பின்னையது வயலில் இறங்கிற்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை யாது என ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

சொல்லும் வழக்கும்

தமிழ் பயிலும் மாணவனாதலின் சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். கரும்பிலும் மூங்கிலிலும் இடையிடையே திரண்டு நிற்கும் பகுதியைக் கணு என்கின்றோம். கீழ்க்காலும் பாதமும் கூடுமிடத்தில் இருபுறமும் எலும்பு திரண்டு தோன்றும்; அவ்விடத்தைக் கணுக்கால் என்கின்றோம். கரும்பு பயிரிடுவார்க்கு இச்சொல்லின் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கரும்பின் கணு வளையாதது. காலின் கணுவோ வளைதற்கென்றே அமைந்தது. இவ்வேற்றுமையை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

உடற்குறை உடையாரைத் தமிழகம் என்றும் ஒதுக்கியதாகக் கூறுதல் பொருந்தாது. புறநானூற்றில் ஆய் அண்டிரனைப் பாடிய சான்றோருள் ஒருவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். ஐயூர் முடவனார் என்பார் மற்றொரு சங்கப் புலவர். இறையனார் களவியலுரை கூறும் மரபின்படி, மதுரையிற் கடைச்சங்கம் இருத்திய பாண்டியர் வரிசை முடத்திருமாறன் என்னும் அரசனிடத்தே தொடங்குகின்றது. மரத்தாற் செய்த காலும் நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் குறிக்கும் பதினோர் ஆடல்களுள் ஒன்று மரக்கால். கொற்றவை மரக்கால் மேல் நின்று ஆடியது அது. தஞ்சைப் பக்கத்துப் பொய்க்கால் குதிரையாட்டம் இன்றும் நாம் காண்பதே.

இவ்வளவும் இருந்தும், "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற் போல" என்றொரு பழமொழியும் நம்மிடையே வழங்குகின்றது. என் பெரிய தந்தையார் மீண்டும் வயலுக்குச் செல்ல விரும்பியபொழுது, உறவினர் ஒருவர் இப்பழமொழியை அவர் செவிபடவே சொன்னார். அன்று முதல் ஒரு திங்கள் வரை அவர் திண்ணையை விட்டு இறங்கவில்லை. கால் இழந்தார்க்குக் கால் செய்து கொடுப்பவர் முதலில் வெல்ல வேண்டுவது இப்பழமொழியையே என்பது என் கருத்து.

கணுக்கால் செய்யும் தொழில்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் மேலே உள்ள ஓர் எலும்பின்மீது கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் வந்து அமர்வதே கணுக்கால் மூட்டு. இம்மூட்டினால் பாதம் மேலும் கீழும் அசையும். அதற்குச் சற்றுக் கீழே குதிகால் எலும்போடு கூடும் மற்றொரு மூட்டினால் பாதம் உட்புறமும் வெளிப்புறமும் சாயும். நாம் ஓரடி எடுத்து வைக்கும்பொழுது முதலில் குதிகால் நிலத்தில் படுகின்றது. அடுத்துப் பாதம் முழுதும் படிகின்றது. பின்னர் உடல் அதன்மேல் உருண்டு முன்செல்ல, விரல்கள் நிலத்தை உந்துகின்றன. இவையெல்லாம் நாம் எண்ணாமலே நிகழ்கின்றன.

சமதரையில் நடப்பதற்கு இவ்வளவு போதும். ஆனால் நம் நாட்டார் சமதரையில் மட்டும் நடப்பதில்லை. வரப்பு ஒருபுறம் சரிந்திருக்கும். சேறு காலை இழுக்கும். மேலும் நாம் சம்மணமிட்டு உண்கின்றோம். குந்தியிருந்து களை பறிக்கின்றோம். வீட்டினுள்ளும் கோயிலினுள்ளும் காலணியைக் கழற்றிவிட்டே புகுகின்றோம். குந்தியிருப்பவர் ஒருவரின் கணுக்காலைக் கூர்ந்து நோக்குக. கீழ்க்கால் பாதத்தின் மேல் எவ்வளவு முன்சாய்ந்து மடிகின்றது! நாற்காலியில் அமர்ந்தே பழகியவர்க்கு இம்மடிப்பு வேண்டுவதில்லை. நமக்கோ இதுவே வாழ்க்கை.

மேனாட்டுப் பாதம்

இழந்த காலுக்கு ஈடு தேடும் முயற்சி மிகப் பழமையானது. போரிற் காலிழந்த விச்பலை என்பாளுக்கு அசுவினி தேவர் இரும்புக்கால் அளித்ததாக இருக்கு வேதம் கூறும். எகிப்து நாட்டில் பழம் பிணக்குழி ஒன்றில் மரமும் தோலும் கொண்டு செய்த கட்டைவிரல் கிடைத்துள்ளது. 16-ஆம் நூற்றாண்டில் அம்புரோசு பாரே என்னும் பிரெஞ்சு அறுவை வைத்தியர் செயற்கைக் கைகால்களை வகுத்தார். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலிழந்த ஜேம்ஸ் ஹேங்கர் என்னும் இளைஞர், பீப்பாய்ப் பலகைகளைக் கொண்டு தமக்குத் தாமே கால் செய்துகொண்டு, பின்னர் அதனையே தொழிலாக நடத்தினார். நம் நாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944-இல், காயமுற்ற போர்வீரர்க்கெனப் பூனாவில் செயற்கை உறுப்பு நிலையம் ஏற்பட்டது.

1950-களில் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 'சாக்' என்னும் பாதத்தை வகுத்தனர். இதில் கணுக்கால் அசையாது. குதிகாலில் வைத்த மெத்தென்ற பகுதி அமுங்கி அசைவுக்கு ஈடு செய்யும். எளிய அமைப்பு, பழுதடைதல் குறைவு, விலையும் குறைவு. ஆதலின் உலகெங்கும் பரவிற்று. ஆயினும் அது பூட்ஸுக்குள் இருப்பதற்கென அமைந்தது. காலணியின்றி நடப்பின் அதன் உயரம் பொருந்தாது, நீர் புகுந்தால் கெடும், குந்துவதற்கு இடங்கொடாது.

என் பெரிய தந்தையார் பெற்ற முதற்கால் இவ்வகையினதே. செய்தவர் கைத்திறத்தில் யாதொரு குறையும் இல்லை. கடைவீதியில் ஒரு கணக்கர் அதனை அணிந்திருப்பின் மகிழ்ந்திருப்பார். ஆனால் அஃது ஓர் உழவர் வீட்டிற்கு வந்தது. உண்ணும்பொழுது அதனைக் கழற்றிச் சுவரில் சார்த்தினார். வரப்பில் ஏறியபொழுது இருமுறை வீழ்ந்தார். மழை நாளில் அது நனைந்து ஊறிற்று. "கரும்பைக் காலில் கட்டிக்கொண்டு நடக்கிறாற்போல இருக்கிறது, தம்பி" என்றார். யான் முன்னர்க் கூறிய கணுவின் வேற்றுமையை எனக்கு முதன்முதல் உணர்த்தியவர் அவரே. மூன்றாந் திங்களில் அது பரணில் ஏறிற்று.

ஜெய்ப்பூரில் பிறந்த பாதம்

இந்தக் குறையை நன்குணர்ந்தவர் ஒருவர் 1960-களில் இராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் நகரில் இருந்தார். சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு வைத்தியராகிய டாக்டர் பி. கே. சேத்தி என்பார் அவர். தாம் பரிந்துரைத்த கால்களை நோயாளர் சிறிது காலம் அணிந்துவிட்டு மூலையில் எறிந்ததைக் கண்டார். அவர்கள் மீண்டும் ஊன்றுகோலையே நாடினர். அவர்களைக் கடிந்துகொள்ளாமல், ஏன் எறிந்தனர் என வினவியதே அவர்தம் பெருமை. குந்தவும், சம்மணமிடவும், வெறுங்காலோடு சேற்றில் நடக்கவும் இயலவில்லை என்பதே விடையாக வந்தது.

விடையை நோயாளர் கூறினர். அதனைப் பொருளாக்கியவர் இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர். பள்ளிப்படிப்பு மிகுதியும் இல்லாதவர். மருத்துவமனையில் நோயாளர்க்குக் கைத்தொழில் கற்பித்து வந்தவர். தேய்ந்த டயருக்கு ரப்பரை வெப்பத்தாற் பற்றவைப்பதைக் கண்டு, பாதத்தையும் அவ்வாறே வார்க்கலாமே என அவருக்குத் தோன்றியதாகச் சொல்லுவர். பலமுறை செய்து, கெடுத்து, மீண்டும் செய்தனர். முழுதும் ரப்பராயின் பாதம் கனத்தது. ஆகவே குதிகாலுக்கும் முன்பாதத்திற்கும் நுண்ணிய துளைகளையுடைய இலேசான ரப்பரையும், கணுக்கால் பகுதிக்கு மரக்கட்டையையும் அமைத்தனர். இவற்றை டயர் நூலாற் பிணித்து, தோலின் நிறமுள்ள ரப்பரால் மூடி, அச்சில் இட்டு வெப்பத்தில் வேகவைத்தனர். இவ்வாறு 1968-இல் உருப்பெற்றதே ஜெய்ப்பூர்ப் பாதம்.

இப்பாதத்திற்குத் தனி மூட்டு இல்லை. ரப்பரே எப்புறமும் வளைந்து மூட்டின் தொழிலைச் செய்கின்றது. நீர் புகுந்து கெடாது, விரல்கள் உண்டு, பூட்ஸ் வேண்டுவதில்லை. சேத்தியும் உடன்பணியாற்றிய வைத்தியரும் 1978-இல் மருத்துவ ஏடு ஒன்றில் இதன் செய்முறையை வெளியிட்டனர். இதற்குக் காப்புரிமை பெறாமல், எவரும் செய்துகொள்ளும்படி விட்டனர். டி. ஆர். மேத்தா என்பார் 1975-இல் ஜெய்ப்பூரில் நிறுவிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இக்கால்களை ஏழைகட்கு விலையின்றி வழங்கி வருகின்றது. 1981-இல் சேத்திக்கு மகசேசே பரிசு கிடைத்தது. போரினால் காலிழந்தார் மிகுந்த ஆப்கானிஸ்தானத்திற்கும் இப்பாதம் சென்றது; யாழ்ப்பாணத்தில் இதன் பெயராலேயே ஒரு நிலையம் ஏற்பட்டுத் தமிழர் பலர்க்கு நடை தந்தது.

நம்மவர் ஒருவர் கதையையும் ஈண்டுக் கூறுதல் தகும். பரதநாட்டியக் கலைஞராகிய சுதா சந்திரன் 1981-இல் தமிழ்நாட்டில் நேர்ந்த பேருந்து விபத்தின் விளைவாக வலக்காலை இழந்தார். ஜெய்ப்பூர்ப் பாதம் அணிந்து பயின்று, 1984-இல் மீண்டும் அரங்கேறி ஆடினார். அவர் வரலாறு 'மயூரி' என்னும் படமாயிற்று; அதில் அவரே நடித்தார். பாடலில் மட்டும் கேட்ட மரக்காலாடலை நம் காலத்தார் கண்ணாற் கண்டது அவரிடத்தே எனலாம்.

அளவெடுத்துப் பொருத்துதல்

நூலகத்தில் இவற்றைப் படித்தபின் பெரிய தந்தையாரை எங்கள் தல்லாகுளத்து வீட்டிற்கு வருவித்து, ஜெய்ப்பூர்ப் பாதம் பொருத்தும் கூடம் ஒன்றிற்கு உடன் சென்றேன். ஆங்குக் கண்டதை முறையாகக் கூறுவேன்.

பாதம் எவ்வளவு சிறந்ததாயினும், அதனையும் உடலையும் இணைப்பது எஞ்சிய கால் புகுந்து நிற்கும் கூடே. இதனை சாக்கெட் என்பர். நடையின் நன்மையும் தீமையும் பெரிதும் இதனைப் பொறுத்தவை. முதலில் எஞ்சிய காலின்மேல் மெல்லிய உறையை இட்டு, அழுத்தம் தாங்கும் இடங்களையும் தாங்காத இடங்களையும் பென்சிலால் குறித்தனர். முழங்காற் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் அழுத்தம் தாங்கும். முன்னெலும்பின் விளிம்பும், புறத்தே உள்ள சிற்றெலும்பின் தலையும் தாங்கா. பின்னர் மாவுக்கட்டுத் துணியை நனைத்துச் சுற்றி, அஃது இறுகியபின் கழற்றினர். அவ்வெற்றுக் கூட்டில் மாவைக் கரைத்து ஊற்ற, எஞ்சிய காலின் உருவம் அப்படியே கிடைத்தது. தாங்கும் இடங்களில் அவ்வுருவத்தைச் சிறிது செதுக்கிக் குறைத்தனர். தாங்கா இடங்களில் மாவு பூசிக் கூட்டினர். நீர்ப்பாசனத்திற்குப் பயன்படும் வகையான பிளாஸ்டிக் குழாயை அடுப்பில் இளக்கி, அவ்வுருவத்தின்மேல் இழுத்துப் படியவைத்து, ஆறியபின் ஓரங்களை வெட்டிப் பாதத்தைப் பொருத்தினர். தம் வயலுக்கு நீர் கொணரும் குழாயின் இனமே தமக்குக் காலாயிற்று என்பதில் பெரிய தந்தையார்க்குப் பெருவியப்பு.

அடுத்து இரண்டு இணைகம்பிகளின் நடுவே நிறுத்தினர். நேரே ஒரு கண்ணாடி. பொருத்துபவர் பின்னின்று இடுப்பின் இருபுறமும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என நோக்கினார். நடக்கச் செய்து, பாதம் உட்புறம் சாய்கின்றதா வெளிப்புறம் சாய்கின்றதா எனக் கண்டு மூன்று முறை திருத்தினார். அதன்பின் அவர் சொன்னது: "ஐயா, கீழே உட்காருங்கள்." பெரிய தந்தையார் ஐயத்தோடு தரையில் அமர்ந்து, காலைக் கழற்றாமலே சம்மணமிட்டார். ஒருவரும் பேசவில்லை. அவர் குனிந்து அந்த ரப்பர் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழகுதல்

கால் கிடைத்துவிட்டது, எல்லாம் முடிந்தது என யான் எண்ணினேன். அவ்வெண்ணம் பிழை. முதல் வாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே அணியவேண்டும் என்றனர். ஒவ்வொரு முறையும் கழற்றித் தோலைப் பார்த்தல் வேண்டும். சிவந்த இடம் சிறிது நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. மறையாதிருப்பின் கூடு உறுத்துகின்றது என்று பொருள். நீரிழிவுடையார்க்கு வலி அறிவிக்காது. ஆதலின் கண்ணே காவல். இரவில் ஒரு கைக்கண்ணாடியால் எஞ்சிய காலின் அடிப்புறத்தையும், மற்றைப் பாதத்தையும் நோக்குதல் அவர் வழக்கமாயிற்று. உறையை நாடோறும் துவைத்தலும், கூட்டின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்தலும் வேண்டும். நாளடைவில் எஞ்சிய கால் மெலியும். அப்பொழுது கூடு தளரும். உறைகளின் எண்ணிக்கையைக் கூட்டி அதனைச் சரிசெய்வர். மிகத் தளர்ந்தால் புதிய கூடு செய்தல் வேண்டும்.

மற்றொரு விந்தையும் உண்டு. இல்லாத கட்டைவிரல் அரிக்கின்றது என்பார் அவர். யான் நகைத்தேன், நகைத்தது பேதைமை. பாரே என்னும் பழைய வைத்தியரே இதனைக் குறித்துள்ளார். 1871-இல் அமெரிக்க வைத்தியர் வேயர் மிட்செல் இதற்கு மாய உறுப்பு என்னும் பொருள்படப் பெயரிட்டார். சென்னையில் மருத்துவம் பயின்ற தமிழராகிய வி. எஸ். இராமச்சந்திரன் 1990-களில், உள்ள உறுப்பின் நிழலைக் கண்ணாடியிற் காட்டி, இல்லாத உறுப்பின் வலியைத் தணிக்கும் முறையைக் கண்டார். உடல் இழந்ததை உள்ளம் எளிதில் இழப்பதில்லை.

மூன்றாந் திங்களில் ஒரு திருமணம். பெரிய தந்தையார் எல்லார்க்கும் தம் நடையைக் காட்டும் ஆவலால் விடியல் முதல் நள்ளிரவு வரை காலைக் கழற்றவில்லை. உறை கூட்டவேண்டியதையும் மறந்தார். மறுநாட் காலை எஞ்சிய காலின் நுனியில் ஒரு கொப்புளம். முன்பு ஒரு முள்ளில் தொடங்கியது பாதத்தைக் கொண்டுபோயிற்று. இக்கொப்புளம் முழங்காலைக் கொண்டுபோகக் கூடும். முழங்கால் உள்ளவரையே நடை எளிது. அது போனால் எல்லாம் அரிது. மூன்று வாரம் காலைத் தொடாமல் மீண்டும் ஊன்றுகோலோடு இருந்தார். நாள்தோறும் புண் கழுவப்பட்டது, இறையருளால் ஆறிற்று. அந்த மூன்று வாரத்தில் பரணை அவர் பலமுறை நிமிர்ந்து நோக்கியதை யான் கண்டேன். இக்காலும் அங்கே ஏறிவிடுமோ என்று என் உள்ளம் நடுங்கிற்று.

ஏறவில்லை. மீண்டும் ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்கினார். நிலம் காலுக்குத் தெரியாது. ஆதலின் முழங்காலாலும், கூட்டினுள் எழும் அழுத்தத்தாலும் நிலத்தை அறியக் கற்றார். ஏறும்பொழுது நல்ல காலும், இறங்கும்பொழுது புதுக்காலும் முந்துதல் வேண்டும் என்பதைத் தம் பேரனுக்குப் பாடம் போலச் சொல்லிச் சொல்லித் தாமும் பழகினார்.

முடிவுரை

ஆறாந் திங்களில் யான் ஊர் சென்றபொழுது அவர் வரப்பின்மேல் நின்றிருந்தார். கையில் ஒரு கோல் இருந்தது. ஆழ்ந்த சேற்றில் அவர் இறங்குவதில்லை. இருட்டில் இன்னும் தடுமாறுகின்றார். இவற்றை மறைத்தல் உண்மைக்குப் பொருந்தாது. ஆயினும் மடை திறந்து நீர் பாய்ச்சியவர் அவரே. நண்பகலில் எங்களோடு பாயில் அமர்ந்து உண்டார். "தம்பி, கால் ஒரே நாளில் வந்தது, நடை வர ஆறு மாதம் ஆயிற்று" என்றார்.

இக்கூற்றினும் சிறந்த முடிவுரை என்னால் எழுதவியலாது. அப்போஸ்தலர் நடபடிகளில், அலங்கார வாசலில் இருந்த மனிதன் ஒரு கணத்தில் கணுக்கால் உரம்பெற்றுக் குதித்தெழுந்தான் என்று படிக்கின்றோம். நம் காலத்து அற்புதமோ மெல்ல நடப்பது; அதற்கு வைத்தியன் செவியும், கைவினைஞன் கையும், அணிந்தவன் பொறுமையும் ஆகிய மூன்றும் வேண்டும். ஒன்று குறையினும் கால் பரணில் ஏறும்.

நம் கல்லூரியினின்று நாளை வைத்தியராகவும் பொறியியலாராகவும் ஆசிரியராகவும் செல்லவிருக்கும் நண்பர்காள்! பிறர்க்கு ஒன்று செய்து கொடுக்கப் புகும்பொழுது, அவர் எங்கு நடக்கின்றார், எவ்வாறு அமர்கின்றார் என்பதை முதலில் நோக்குமின். அவர் அதனை எறிந்துவிடின், ஏன் எறிந்தார் என அவரையே வினவுமின். கொம்புத்தேனுக்கு ஆசைப்படுதல் முடவனுக்கும் உரியதே. ஏணி செய்து கொடுத்தல் நம் கடன்.